காக்கிக்கு முன் கடைசி கேட்: போலீஸ் மெடிக்கலுக்குத் தயாரா நீங்க?

குலசேகரன்பட்டினம் தசராவுக்கு ஒருமுறையாவது போனவர்களுக்குத் தெரியும். காளி, அனுமன், ராஜா-ராணி வேஷங்களுக்கு நடுவில் விறைப்பாக ஒரு போலீஸ் வேஷமும் கட்டாயம் வரும். முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு, மாலை போட்டு, விரதம் இருந்தால் அந்தக் காக்கியை மாட்டிவிடலாம். நிஜக் காக்கிக்குத்தான் பாதை கொஞ்சம் நீளம்.

அந்தப் பாதையில் எல்லோரும் பேசுவது எழுத்துத் தேர்வைப் பற்றியும் ஓட்டத்தைப் பற்றியும்தான். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் எழுத்துக்கு 70 மார்க், உடல்திறனுக்கு 24, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுக்கு 6 என நூறையும் பிரித்து மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால், தற்காலிகத் தேர்வுப் பட்டியலில் பேர் வந்த பிறகும் ஒரு தேர்வு பாக்கி இருக்கிறது. அதற்கு மார்க்கே கிடையாது. தகுதி அல்லது தகுதியில்லை, அவ்வளவுதான். அதுதான் மெடிக்கல்.

இரண்டு வருஷம் விடியற்காலையில் எழுந்து தேரி மணலில் ஓடி, 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடித்து, கயிறும் ஏறி, ஊரெல்லாம் ஸ்வீட் கொடுத்த பிறகு, "தம்பி, உங்களுக்கு கலர் விஷன் சரியில்லை" என்று ஒரு வரியில் முடிந்துபோவதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த விஷயம் பிறந்ததிலிருந்தே உடம்பில் இருந்தது. சோதித்துப் பார்க்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. ஆகவே, மெடிக்கலுக்கான தயாரிப்பை லெட்டர் வந்த பிறகு தொடங்கக் கூடாது. விண்ணப்பம் போடுவதற்கு முன்பே தொடங்க வேண்டும்.

உயரமும் மார்பளவும் இதில் சேராது, அவை முன்னாலேயே முடிந்துவிடும். பொதுப் பிரிவு, பி.சி., எம்.பி.சி. ஆண்களுக்கு 170 செ.மீ., எஸ்.சி., எஸ்.டி. ஆண்களுக்கு 167. பெண்களுக்கு முறையே 159, 157. ஆண்களின் மார்பு 81 செ.மீ. இருக்க வேண்டும், மூச்சை இழுத்தால் 5 செ.மீ. விரிய வேண்டும். உயரத்தைக் கூட்டும் டானிக் என்று எதுவும் கிடையாது, காசை வீணாக்காதீர்கள்.

கண்ணிலிருந்து ஆரம்பியுங்கள்

6/6 என்று சொல்கிறார்களே, அது பரீட்சை மார்க் மாதிரி இல்லை. சாதாரணப் பார்வை உள்ள ஒருவர் 6 மீட்டர் தூரத்தில் படிக்கும் எழுத்தை நீங்களும் அதே 6 மீட்டரில் படித்தால் 6/6. அவர் 9 மீட்டரிலிருந்தே படிப்பதைப் படிக்க, நீங்கள் 6 மீட்டருக்கு நெருங்கி வர வேண்டியிருந்தால் 6/9. எஸ்.எஸ்.சி. நடத்தும் மத்திய காவல் படைகளின் ஜி.டி. கான்ஸ்டபிள் தேர்வில் ஒரு கண்ணுக்கு 6/6, இன்னொரு கண்ணுக்கு 6/9 கேட்கிறார்கள். அதுவும் கண்ணாடி போடாமல். தமிழ்நாடு போலீஸ், மத்தியப் படை, ரயில்வே என நம்ம பசங்க ஒரே நேரத்தில் மூன்று நான்கு இடங்களுக்குப் போடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் மருத்துவ விதி தனி. அறிவிக்கையில் அந்தப் பக்கத்தை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

கான்டாக்ட் லென்ஸ் மாட்டிக்கொண்டு போய்விடலாம் என்று சீனியர் யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். டார்ச் அடித்துப் பார்த்தாலே டாக்டருக்குத் தெரிந்துவிடும். லாசிக் செய்துகொள்ள நினைப்பவர்கள், நீங்கள் போடும் தேர்வின் விதி அதை ஏற்கிறதா என்று முதலில் பாருங்கள். கண்ணுக்கு நல்லதா என்பதும் வேலைக்கு ஏற்பார்களா என்பதும் வேறு வேறு கேள்விகள்.

கடற்கரைக்காரர்களுக்கு இன்னொரு விஷயம். வெயில், உப்புக்காற்று, மணல் மூன்றிலும் வருஷக்கணக்கில் நிற்பவர்களுக்குக் கண்ணின் வெள்ளையில் மூக்குப் பக்கமிருந்து கருவிழியை நோக்கி ஒரு சதை வளரும். மணப்பாடு பக்கம் கடலுக்குப் போகிற பிள்ளைகள், தூத்துக்குடி உப்பளத்தில் வேலை பார்க்கிறவர்கள் கண்ணாடியில் ஒருதரம் உற்றுப் பாருங்கள். வலி இருக்காது என்பதால் பலரும் கண்டுகொள்வதில்லை. ஆரம்பத்திலேயே கண் டாக்டரிடம் காட்டுங்கள். வெயிலில் கூலிங் கிளாஸ் போடுங்கள், ஸ்டைலுக்காக இல்லை.

இனி நிறக்குருடு. பேர் பயமுறுத்தினாலும், பெரும்பாலானவர்களுக்கு உலகம் கறுப்பு வெள்ளையாகத் தெரிவதில்லை. சில சிவப்பும் சில பச்சையும் குழம்பும், அவ்வளவுதான். அதனால்தான் இருபது வயசு வரை அது தெரியாமலே ஓடிவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்கும் புள்ளிப் படங்களை ஜப்பானிய கண் மருத்துவர் ஷினோபு இஷிஹாரா 1917-ல் வெளியிட்டார், இன்றும் அதே புத்தகம்தான். வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைச் சொல்ல வேண்டும். இது தாய்வழியில் வருவது. குறை எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் அம்மா சுமந்து மகனுக்குக் கொடுப்பார், அம்மாவுக்கே அறிகுறி இருக்காது. உங்கள் தாத்தாவுக்கோ (அம்மாவின் அப்பா) தாய்மாமாவுக்கோ இருந்தால், நீங்கள் முதல் வேலையாகச் சோதித்துக்கொள்வது நல்லது.

யூடியூபில் படங்களை மனப்பாடம் செய்து போகிறவர்களும் உண்டு. பக்கத்தை மாற்றிப் புரட்டினால் முடிந்தது கதை. "மூன்று மாதத்தில் நிறக்குருடு குணம்" என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள், பிறவியிலேயே வரும் நிறக்குருடுக்கு அப்படி ஒரு மருந்து கிடையாது. இந்தக் குறை இருந்தால் எல்லாக் கதவும் மூடிவிட்டதா? இல்லை. தமிழ்நாடு மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர் வேலைக்குத் தேர்வாகி, நிறப்பார்வைக் குறையால் மறுக்கப்பட்ட ஒருவருக்கு, பொருத்தமான இடத்தில் பணி கொடுக்கும்படி உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்பளித்தது. சீருடைப் பணியின் விதி வேறு. ஆனால், இருபது வயதில் தெரிந்துகொண்டால் வேறு தேர்வுகளுக்குத் திரும்ப நேரம் இருக்கிறது. இருபத்தாறில் தெரிந்தால்?

திருச்செந்தூர் அரசு மருத்துவமனையிலோ, தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ கண் ஓ.பி.யில் ஒரு காலைப்பொழுது செலவழித்தால் இதெல்லாம் தெரிந்துவிடும்.

ஈர மணலில் ஒரு டெஸ்ட்

தட்டைப் பாதம் இருக்கிறதா என்று பார்க்க நம்ம ஊர்க்காரர்களுக்கு லேப் தேவையில்லை. கடற்கரையில் அலை திரும்பிய ஈர மணலில் நடந்துவிட்டுத் திரும்பிப் பாருங்கள். தடத்தில் உள்பக்கம் வளைந்து குறுகியிருந்தால் சரி. பாதம் மொத்தமும் செங்கல் மாதிரி பதிந்திருந்தால் டாக்டரைப் பாருங்கள். உடனே பயப்பட வேண்டாம். குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் நிற்கும்போது வளைவு தெரிந்தால் அது நெகிழ்வான வகை. எழும்பி நின்றாலும் வளைவே வராததுதான் சிக்கலான வகை.

அடுத்தது முழங்கால் முட்டுவது. முழங்கால்கள் இரண்டும் தொட நேராக நில்லுங்கள். கணுக்கால்கள் சேராமல் நன்றாக விலகி நின்றால் எலும்பு டாக்டரிடம் போக வேண்டும். இதற்கு கிரவுண்டில் ஒரு வைத்தியம் சொல்வார்கள்: ராத்திரி முழங்காலுக்கு நடுவில் தலையணை வைத்து, கணுக்காலைக் கட்டிக்கொண்டு தூங்குவது. வளர்ச்சி முடிந்த எலும்பு கயிற்றுக்கு வளையாது. தூக்கம்தான் கெடும்.

கெண்டைக்காலில் பச்சை நிறத்தில் முறுக்கிக்கொண்டு தெரியும் நரம்பு சுருட்டலையும் (வெரிகோஸ் வெயின்) பார்ப்பார்கள். தட்டைப் பாதம், முட்டும் முழங்கால், நரம்பு சுருட்டல், மாறுகண் நான்கையும் மத்தியப் படை அறிவிக்கைகள் பேர் சொல்லியே தகுதிக் குறைவாக எழுதியிருக்கின்றன.

வெட்கப்பட்டு மறைக்கிற விஷயங்கள்

குடலிறக்கம், விரைவீக்கம், விதைப்பையில் நரம்பு வீக்கம், மூலம். ஆண்கள் வீட்டில்கூட வாய் திறக்காத நான்கு. மெடிக்கலில் உடையைக் களைந்து, இருமச் சொல்லி, தொட்டுப் பார்ப்பார்கள். அங்கே மறைக்க முடியாது. நல்ல செய்தி என்னவென்றால், இந்த நான்கும் சரிசெய்யக் கூடியவை. கெட்ட செய்தி, கடைசி வாரத்தில் சரிசெய்ய முடியாது. ஆபரேஷன் என்றால் காயம் ஆறி, மறுபடி ஓடும் அளவுக்கு உடம்பு தேற மாதங்கள் ஆகும். அரசு மருத்துவமனை சர்ஜரி ஓ.பி.யில் இதையெல்லாம் தினமும் பார்க்கிறார்கள். உங்களைப் பார்த்து யாரும் சிரிக்கப்போவதில்லை.

பெண்களைப் பெண் மருத்துவர் பரிசோதிப்பதுதான் முறை. அப்படி இல்லையென்றால் தயங்காமல் கேளுங்கள். பரிசோதனை நாள் மாதவிடாயில் வந்தால் யூரின் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். ரிசல்ட்டில் ரத்தம் காட்டினால் தேவையில்லாத குழப்பம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கரூரில் பெண் காவலராகச் சேர்ந்த ஒருவரை, மருத்துவப் பரிசோதனை அறிக்கையை வைத்து 'பெண் அல்ல' என்று வேலையைவிட்டு நீக்கினார்கள். 2014-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. பெண்ணாகவே பிறப்புச் சான்றும் பள்ளிச் சான்றும் பெற்று வளர்ந்தவரின் பாலினத்தை ஒரு மெடிக்கல் ரிப்போர்ட் பறிக்க முடியாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

காது விஷயத்தில் நம்ம கடல் பிள்ளைகள் கவனம். சின்ன வயசில் காதில் சீழ் வந்து, 'தானா சரியாப்போச்சு' என்று விட்டிருப்பார்கள். உள்ளே செவிப்பறையில் ஓட்டை இருக்கும். வெறும் அழுக்கு அடைத்திருந்தால்கூட டாக்டரால் செவிப்பறையைப் பார்க்க முடியாது. ஒரு மாதம் முன்பே காட்டி எடுத்துவிடுங்கள், பட்ஸ் போட்டு நீங்களே குடையாதீர்கள். வாயைத் திறக்கச் சொல்லும்போது குட்கா, பாக்கு போடுகிறவர்களின் பல் கறை மட்டும் மாட்டிக்கொள்வதில்லை. வாய் முழுசாகத் திறக்காது, அதுவும் தெரிந்துபோகும்.

ஜிம் பவுடரும் ஒருசந்தியும்

ஆரோக்கியமாக இருக்கிறவரையே நோயாளி மாதிரி காட்டும் விஷயங்கள் சில உண்டு. முதல் நாள் வெறித்தனமாக ஒர்க்அவுட் செய்தால் மறுநாள் யூரினில் புரதம் வரலாம். கிரியேட்டின் பவுடர் எடுத்தால் ரத்தத்தில் கிரியேட்டினின் கூடுதலாகக் காட்டலாம். எனர்ஜி டிரிங்க் குடித்துவிட்டுப் போனால் பி.பி., நாடித்துடிப்பு இரண்டும் ஏறும். எனவே, இரண்டு நாளுக்கு முன்பே கிரவுண்டுக்கு லீவு விடுங்கள். பவுடரை ஒரு மாதம் முன்பே நிறுத்துங்கள். உடன்குடி கருப்பட்டிக் காபிக்கு அன்று காலை மட்டும் விடைகொடுங்கள்.

டாக்டரைப் பார்த்தாலே பி.பி. எகிறுகிறவர்கள் நிறைய பேர். அப்படி ஆனால், "அஞ்சு நிமிஷம் உட்கார்ந்துட்டு மறுபடி பாருங்க சார்" என்று கேட்கலாம், தப்பில்லை. ஊரில் வீடு வீடாக வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சில நாள் பி.பி. பார்த்துக் குறித்து வைத்தால், உண்மையில் கூடுதலா, வெறும் பதற்றமா என்று தெரியும். நன்றாக ஓடுகிறவர்களுக்கு நாடித்துடிப்பு ஐம்பதுகளில் இருந்தால் அது பெருமைப்பட வேண்டிய விஷயம்.

தசராவுக்கு மாலை போட்டு ஒருவேளைச் சாப்பாட்டில் இருப்பவர்களும் உண்டு. விரதத்தை விடச் சொல்லவில்லை. தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கடும் பயிற்சியை அந்த நாட்களில் தவிருங்கள்.

அம்மன் உருவத்தைப் பச்சை குத்தும் ஆசை இருந்தால், ஊசி தொடும் முன் ஒரு நிமிஷம். மத்தியப் படைகளில் மத அடையாளமும் பெயரும் இருக்கலாம். ஆனால், சல்யூட் அடிக்கும் வலது முன்கையில் கூடாது, இடது முன்கையின் உட்பக்கம்தான் இடம். அளவும் அந்தப் பகுதியில் கால் பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும். லேசரில் எடுப்பது ஒரே நாள் வேலை இல்லை, பல தடவை போக வேண்டும், தழும்பும் நிற்கலாம்.

'கிளியர் பண்ணித் தர்றேன்'

மெடிக்கல் நேரத்தில்தான் இந்தக் குரல் கேட்கும். "ஆஸ்பத்திரியில ஆள் இருக்கு, ஒரு தொகை ஆகும்" என்று. தகுதியுள்ள பையன் எப்படியும் பாஸாகிவிடுவான், அந்தப் பணம் புரோக்கருக்கு லாபம். தகுதியில்லாதவன் தோற்றால் ஆள் போன் எடுக்க மாட்டார். அம்மாவின் நகையை அடகு வைக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

தகுதியில்லை என்று வந்துவிட்டால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதே பிரச்னைக்கு வேறொரு அரசு மருத்துவமனையில் அந்தத் துறை நிபுணரிடம் பரிசோதித்து அறிக்கை வாங்குங்கள். மத்தியப் படைத் தேர்வுகளில் மறு மருத்துவப் பரிசோதனைக்கு முறையான வாய்ப்பு இருக்கிறது, கெடு குறைவு என்பதால் தாமதம் கூடாது. மாநிலத் தேர்வென்றால் மனு கொடுத்துப் பார்த்துவிட்டு, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை அணுகலாம். மருத்துவக் குழு மறுபடி பார்க்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் சொன்ன வழக்குகள் உண்டு.

பரிசோதனை நாளுக்கு: முந்தின ராத்திரி நன்றாகத் தூங்குங்கள். அழைப்புக் கடிதம், அசல் அடையாள அட்டை, போட்டோக்கள், முன்பு ஆபரேஷன் செய்திருந்தால் அதன் டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். பழைய நோய் பற்றிய கேள்விக்கு உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ஆறிப்போன நோயைவிட, மறைத்ததாகப் பின்னால் தெரிவதுதான் வேலைக்கு ஆபத்து. சுத்தமான உள்ளாடை போட்டுக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருக்கிறார்களா என்று கடிதத்தை இன்னொருதரம் படித்துவிட்டு, முதல் பஸ்ஸைப் பிடியுங்கள்.