இலண்டனில் பசித்திருந்த மாணவர்

சில மாதங்களுக்கு முன்னர் என் சகோதரியின் மகன் மேற்படிப்புக்காக இலண்டன் சென்றான். போய்ச் சேர்ந்த இரண்டாவது கிழமை இரவு நேரத்தில் தொலைபேசியில் அழைத்தான். "குளிரைத் தாங்கலாம் மாமா. கதைக்கத்தான் ஒருத்தரும் இல்லை. சாப்பாடும் இறங்குதில்லை. திரும்பி வந்திடுவமோ எண்டு கிடக்கு" என்றான். குரல் தழுதழுத்தது. உடனடியாக என்ன ஆறுதல் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. பின்னர், அதே நகரத்தில் 1888ஆம் ஆண்டு இதே நிலையில் தவித்த ஒரு மாணவரின் கதையை அவனுக்குச் சொன்னேன். அந்த மாணவரின் பெயர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி.

1927 நவம்பரில் காந்தி யாழ்ப்பாணம் வந்தபோது திரண்ட கூட்டத்தைப் பற்றி என் இளமைக்காலத்தில் பெரியவர்கள் வாயூறச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்கள் கண்டது மகாத்மாவை. அவருக்குள் ஒரு காலத்தில் இருந்த கூச்சமும் அச்சமும் நிறைந்த இளைஞனை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

பவநகர் சமல்தாஸ் கல்லூரியில் ஒரு தவணை படித்து, பாடங்கள் விளங்காமல் வீடு திரும்பியவர் காந்தி. குடும்ப நண்பர் ஒருவர், இலண்டன் சென்று பாரிஸ்டர் ஆகலாம் என்று வழி காட்டினார். தாயார் புத்லிபாய்க்கோ பெரும் அச்சம். கடல் கடந்த பிள்ளைகள் மதுவும் மாமிசமும் தொட்டுக் கெட்டுப் போவதாக அவர் கேள்விப்பட்டிருந்தார். பேச்சார்ஜி சுவாமி என்ற சமணத் துறவியின் முன்னிலையில், மது, மாது, மாமிசம் மூன்றையும் தொடுவதில்லை என்று மகன் சத்தியம் செய்த பின்னரே தாய் விடைகொடுத்தார். ராஜ்கோட்டில் அவர் படித்த பாடசாலை பிரிவுபசாரம் நடத்தியது. நன்றி கூற எழுதிச் சென்ற சில வரிகளைக்கூட அவரால் ஒழுங்காக வாசிக்க முடியவில்லை. தலை சுற்றியது, உடல் நடுங்கியது என்று பிற்காலத்தில் அவரே எழுதியுள்ளார்.

பம்பாயில் வேறொரு சோதனை காத்திருந்தது. கடல் கடப்பது சமயத்துக்கு விரோதம் என்று அவருடைய சாதியினர் கூட்டம் கூட்டினர். அவர் பணியவில்லை. அவரைச் சாதியிலிருந்து விலக்கினர். அவருக்கு உதவுபவரும் வழியனுப்பச் செல்பவரும் ஒரு ரூபா நான்கு அணா தண்டம் கட்டவேண்டும் என்று விதித்தனர். அவருடைய பயணச் செலவுக்கான பணம் மைத்துனரிடம் இருந்தது. சாதிக் கட்டளைக்கு அஞ்சி மைத்துனர் அதைக் கொடுக்க மறுத்தார். குடும்ப நண்பர் ஒருவரிடம் கடன் பெற்றே காந்தி புறப்பட வேண்டியிருந்தது. மனைவி கஸ்தூரிபாயையும் பிறந்து சில மாதங்களேயான மகன் ஹரிலாலையும் ஊரில் விட்டு, 1888 செப்டெம்பர் 4ஆம் திகதி கப்பலேறினார். அப்பொழுது அவருக்கு வயது பதினெட்டு.

கப்பலில் கரண்டியும் முள்ளும் பிடிக்கத் தெரியாது. எந்தக் கறியில் மாமிசம் இல்லை என்று கேட்கவும் கூச்சம். ஆகவே உணவு மேசைக்கே போகாமல், வீட்டிலிருந்து கொண்டுவந்த இனிப்புகளையும் பழங்களையும் அறைக்குள் இருந்து உண்டு காலம் கழித்தார்.

செப்டெம்பர் மாத இறுதியில் ஒரு சனிக்கிழமை கப்பல் கரையை அடைந்தது. கறுப்பு உடையைப் பத்திரமாக வைத்துவிட்டு, தரையிறங்குவதற்கு வெள்ளைப் பிளனல் உடையே சிறப்பு என்று எண்ணி அதை அணிந்திருந்தார். இலையுதிர் காலத்து இலண்டனில் வெள்ளை உடையில் நின்றவர் அவர் ஒருவரே. மற்றவர்களைப் பார்த்துத் தாமும் பெட்டிகளையும் திறப்புகளையும் முகவரிடம் ஒப்படைத்திருந்தார். மறுநாள் ஞாயிறு. திங்கள்வரை பெட்டி கிடைக்காது. வெட்கத்தோடு அந்த வெள்ளை உடையிலேயே விக்டோரியா ஹோட்டலில் இருந்தார்.

அன்று மாலை அவரைக் காண டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா வந்தார். அவருடைய பட்டுத் தொப்பியைக் காந்தி ஆவலோடு எடுத்து மாறுதிசையில் தடவி, அதன் மென்மயிரைக் கலைத்துவிட்டார். மேத்தா முகம் சுளித்தார். பிறர் பொருளைத் தொடாதே, முதற் சந்திப்பிலேயே கேள்விகள் கேட்காதே, உரத்துப் பேசாதே என்று ஐரோப்பிய நடைமுறைகளைப் பாடமாகச் சொல்லிக் கொடுத்தார். காந்தி இலண்டனில் கற்ற முதற் பாடம் அதுதான். ஹோட்டலைவிட்டு வெளியேறியபோது கணக்கு மூன்று பவுண் வந்தது. அவ்வளவு பணம் கொடுத்தும் வயிறு காய்ந்தே இருந்தது.

அந்த முதல் வாரத்திலேயே, ஒக்டோபர் 2ஆம் திகதி, அவருக்குப் பத்தொன்பது வயது நிறைந்தது. ஏறத்தாழ ஐம்பது இலட்சம் மக்கள் வாழ்ந்த மாநகரத்தில் அவரை அறிந்தோர் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே. இரவுகளில் தாயின் நினைவும் வீட்டின் நினைவும் வர, கண்ணீர் பெருகியது. அத்துயரைச் சொல்லி ஆற ஆளில்லை. இங்கே இருக்கவும் முடியவில்லை, திரும்பிச் செல்வதையோ நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. வந்துவிட்டோம், மூன்று ஆண்டுகளையும் முடித்தே தீரவேண்டும் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

அடுத்து ரிச்மண்டில் நண்பர் ஒருவருடன் ஏறத்தாழ ஒரு மாதம் தங்கினார். காலையில் ஓட்ஸ் கஞ்சி வயிற்றை நிரப்பும். மதியமும் இரவும் கீரை, பாண், ஜாம். இரண்டு மூன்று துண்டுக்கு மேல் பாண் கேட்க நாணம். மாமிசம் உண்ணும்படி நண்பர் நாள்தோறும் வற்புறுத்தினார். எழுத்தறிவற்ற தாய்க்கு, இந்நாட்டு நிலைமை தெரியாமல் கொடுத்த வாக்குக்கு என்ன மதிப்பு என்று வாதாடினார். பெந்தாமின் நூலைப் படித்துக் காட்டினார். வாதத்தில் வெல்லக் காந்தியால் முடியவில்லை. ஆனால் சத்தியம் சத்தியந்தான் என்று நின்றார்.

1888 நவம்பர் 6ஆம் திகதி இன்னர் டெம்பிள் சட்டக்கழகத்தில் அவர் சேர்த்துக்கொள்ளப்பட்டார். மேற்குக் கென்சிங்டனில் ஒரு விதவைத் தாயின் வீட்டில் இடம் கிடைத்தது. அங்கும் அரைவயிறுதான். இரங்கிய அவ்வீட்டுப் பெண்பிள்ளைகள் இருவர் மேலும் ஒரு துண்டுப் பாண் வைப்பார்கள். இக்காலத்தில்தான் அவர் பத்திரிகை வாசிக்கத் தொடங்கினார். இந்தியாவில் அவருக்கு அப்பழக்கம் இருந்ததில்லை. டெய்லி நியூஸ், டெய்லி டெலிகிராப், பால் மால் கசெற் ஆகிய மூன்றையும் நாள்தோறும் பார்த்தார். வைற்சப்பல் கொலைகளால் இலண்டன் பத்திரிகைகள் பரபரத்த இலையுதிர் காலம் அது.

மரக்கறி உணவகங்கள் இலண்டனில் உண்டென்று வீட்டுக்காரத் தாய் சொல்லியிருந்தார். அவற்றைத் தேடிக் காந்தி நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்தார். மலிவான கடைகளில் நுழைந்து வயிறாரப் பாண் உண்டும் மனம் நிறையவில்லை. அவ்வாறு அலைந்த ஒரு நாள் பரிங்டன் வீதியில் ஒரு மரக்கறி உணவகம் கண்ணிற்பட்டது. வாயிலருகே கண்ணாடிக்குப் பின்னால் சில நூல்கள் விற்பனைக்கு இருந்தன. மரக்கறி உணவை ஆதரித்து ஹென்றி சோல்ற் எழுதிய நூலை ஒரு ஷிலிங் கொடுத்து வாங்கிக்கொண்டு உள்ளே சென்றார். இங்கிலாந்துக்கு வந்தபின் மனநிறைவோடு உண்ட முதல் உணவு அதுதான் என்று அவர் எழுதியிருக்கிறார்.

என்னைப் பொறுத்தவரை, காந்தியின் வாழ்க்கையில் இந்த உணவகத்தின் வாயில், அவர் இறக்கிவிடப்பட்ட பீற்றர்மரிற்ஸ்பேர்க் புகையிரத நிலையத்துக்குச் சற்றும் குறைந்ததல்ல. அன்றுவரை அவர் மாமிசம் தவிர்த்தது தாய்க்குக் கொடுத்த வாக்குக்காக மட்டுமே. இந்தியர் அனைவரும் மாமிசம் உண்ண வேண்டும், தாமும் ஒரு நாள் தடையின்றி உண்ண வேண்டும் என்றுகூட அவர் விரும்பியிருந்தார். சோல்ற்றின் நூலைப் படித்த பின்னர் அந்நெறியைத் தாமாகவே தேர்ந்துகொண்டார். தாயின் கட்டளை மகனின் கொள்கையாக மாறியது. வேறொரு நாட்டில், வேறொரு இனத்தவர் எழுதிய நூலின் வழியாகத் தம் வீட்டுப் பழக்கத்தின் பொருளை அவர் கண்டுகொண்டார். புலம்பெயர்ந்த நம்மவர் பலருக்கும் இவ்வனுபவம் புதிதன்று.

பசி அவரை அத்துடன் விடவில்லை. 1890இல் அவர் இலண்டன் மரக்கறி உணவாளர் சங்கத்தின் செயற்குழு உறுப்பினரானார். கூச்சம் மட்டும் போகவில்லை. ஒரு கூட்டத்தில் தம் கருத்தை எழுதிச் சென்றும், வாசிக்கத் துணிவின்றி வேறொருவரே அதை வாசிக்க நேர்ந்தது. ஆனால் நாக்கு மறுத்ததைப் பேனா செய்தது. 1891ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், இந்தியாவின் மரக்கறி உணவாளர்களைப் பற்றி 'த வெஜிற்றேரியன்' இதழில் தொடராக எழுதினார். பின்னாளில் 'இந்தியன் ஒப்பீனியன்', 'யங் இந்தியா', 'ஹரிஜன்' ஆகிய ஏடுகளை நடத்திய கை எழுதிப் பழகிய இடம் அதுவே. பத்திரிகைத் தொழிலில் ஆயுளைக் கழித்தவன் என்ற முறையில் இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

1891 ஜூன் 10ஆம் திகதி பாரிஸ்டரான காந்தி, 12ஆம் திகதி தாயகத்துக்குக் கப்பலேறினார். சத்தியத்தைக் காத்துவிட்டேன் என்று தாயிடம் சொல்லும் ஆவல் அவருக்கு இருந்திருக்கும். பம்பாயில் இறங்கிய பின்னரே அவருக்குச் செய்தி சொல்லப்பட்டது. அவர் இங்கிலாந்தில் இருந்தபோதே புத்லிபாய் காலமாகிவிட்டார். அந்நிய மண்ணில் மகன் உடைந்துபோவான் என்று அஞ்சிய தமையனார் அதை மறைத்திருந்தார். தாயின் இறுதிச் சடங்குக்குப் போகமுடியாமற் போனவர்கள் நம்மிடையே எத்தனை ஆயிரம் பேர்! அவர்களுக்கு இந்தத் துயரை நான் விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவையும் கேட்ட மருமகன் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "பரிங்டன் வீதி இங்கையிருந்து கிட்டத்தான் மாமா. ஒருக்கா நடந்து பாக்கிறன்" என்றான்.

"நல்லது தம்பி, போய்ப் பார். அதுக்கு முதல் கொம்மாவுக்கு ஒருக்கா எடுத்துக் கதை. காந்திக்கு அந்தக் கொடுப்பினை இருக்கேல்லை" என்று சொல்லி வைத்தேன்.