பிணையும் விளக்கமறியலும்

செங்கலடியில் ஒருவர் கைதாயின், மட்டக்களப்பு நீதிமன்ற வாயிலில் உறவினர் முதலிற் கேட்பது, ‘பிணை கிடைக்குமா?’ என்பதே. பிணை தண்டமன்று, தவணைக்குத் தவறாது வருவேன் என்னும் உறுதிமொழிக்கு ஈடு. 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம், பிணை வழங்கலே விதி, மறுத்தல் விலக்கு என வகுத்தது. பிறருக்குப் பிணைநிற்பவர், அவர் வாராதொழியின் முறியிற் குறித்த தொகைக்குத் தாமே பொறுப்பாவார். ஏழைக் குடும்பத்துக்காக அயலவர் கையொப்பமிடத் தயங்குவதில் வியப்பென்ன?

ஆயினும், 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் அடைபட்டோருக்கு அவ்விதி எட்டவில்லை. மூன்றாண்டுக்கென வந்த அத்தற்காலிகச் சட்டம் 1982இல் நிரந்தரமாயிற்று. வழக்கு முடியும்வரை விளக்கமறியல் நீளலாம் என்பதைக் கிழக்கிலங்கைக் குடும்பங்கள் பல தம் வாழ்விலேயே கண்டன. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னரே, கைதாகி 12 மாதங்களாகியும் வழக்குத் தொடங்காவிடின், மேன்முறையீட்டு நீதிமன்றத்திற் பிணை கோர வழி பிறந்தது.