எக்ஸ் = எக்ஸ் + 1

பத்து வருஷத்துக்கு மேல ஜாவாவில் குப்பை கொட்டியவன் நான். க்ளாஸ், ஆப்ஜெக்ட் இல்லாமல் ஒரு நிரலை யோசிக்கவே தெரியாது. அப்படிப்பட்டவன் ஹாஸ்கெல் படிக்க உட்கார்ந்தால் என்ன ஆகும்? முதல் நாளே அடி. பழக்க தோஷத்தில் எக்ஸ் = எக்ஸ் + 1 என்று எழுதினேன். மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. சரி, எக்ஸ் எவ்வளவுன்னு கேட்டால், பதிலே வரலை. அப்படியே நின்னுடுச்சு.

விஷயம் என்னன்னா, அங்கே சமக்குறி என்றால் "இந்தப் பெட்டியில் இதைப் போடு" இல்லை; "இதுவும் அதுவும் ஒன்று". அப்போ எக்ஸ் என்பது எக்ஸோடு ஒன்று, அந்த எக்ஸ் என்பது இன்னொரு எக்ஸோடு ஒன்று... எங்கே முடியறது? யோசித்துப் பார்த்தால் நம்ம கணக்கு வாத்தியாரும் இதைச் சிவப்பு மையில் சுழித்திருப்பார். காலேஜில் முதல்முறை பார்த்தபோது எனக்கும் உறுத்தியது. அப்புறம் பழகிப்போச்சு.

இந்தப் பழக்கத்தை உலகத்துக்குப் பரப்பியவர்களில் முக்கியமானவர் ஜான் பேக்கஸ். 1957-ல் ஐபிஎம்மில் ஃபோர்ட்ரானைக் கொண்டுவந்த குழுவின் தலைவர். 1977-ல் டூரிங் விருது கொடுத்தார்கள். விருது உரையில் மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? ஃபோர்ட்ரான் வழி வந்த மொழிகளையே போட்டு வாங்கினார்! மதிப்பை ஒவ்வொன்றாகப் பெட்டியில் போட்டு எடுக்கும் அந்த அசைன்மென்ட்தான் நம் சிந்தனையையே குறுக்குகிறது, ஃபங்க்ஷன்களைச் சேர்த்துச் சேர்த்து நிரல் கட்டுங்கள் என்றார். தான் பெற்ற பிள்ளையை மேடையேறிக் குறை சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்?

இதில் எனக்குக் கொஞ்சம் வெட்கமான பகுதி ஒன்று உண்டு. ஃபங்க்ஷனல் என்பது நேற்று வந்த ஃபேஷன் என்று நினைத்திருந்தேன். ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழியைத் தொடங்கியது 1958-ல். ஆப்ஜெக்டுகளின் பூர்வீகமான சிமுலா 67, பேரிலேயே இருக்கிற மாதிரி, 1967. நாங்கள் சி++ ஆட்களிடம் பீற்றிக்கொண்ட கார்பேஜ் கலெக்ஷன்? லிஸ்புக்காக மெக்கார்த்தி கண்டுபிடித்தது. (அப்போ நான் கொட்டிய குப்பையை அள்ளியதும் அவங்கதான்!) 2004-ல் ஜாவா 5-ல் வந்த ஜெனரிக்ஸ்? அதற்கு அடிப்படை போட்ட நால்வரில் ஒருவர் பிலிப் வாட்லர், ஹாஸ்கெலை வடிவமைத்த குழுவிலும் இருந்தவர். 2014-ல் ஜாவா 8 லாம்டாவையும் சேர்த்துக்கொண்டது. அந்தப் பெயர் 1930களில் அலோன்சோ சர்ச் உருவாக்கிய லாம்டா கால்குலஸிலிருந்து வந்தது. நம்ம சொத்துன்னு நினைச்சதில் பாதி கைமாத்து.

ஹாஸ்கெலின் முதல் அறிக்கை 1990 ஏப்ரல் 1-ந்தேதி வெளியானது. தேதியைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டேன்.

போன வாரம் என் பழைய ஜாவா கோடு ஒன்றைத் திறந்தேன். ஒருகாலத்தில் மூணு ராத்திரி தூங்கவிடாத பக் அதில்தான் இருந்தது. ஒரு லிஸ்ட்டை இரண்டு ஆப்ஜெக்ட்கள் பகிர்ந்துகொள்ளும்; ஒன்று சத்தமில்லாமல் அதை மாற்றிவிடும்; மற்றது தப்புத் தப்பாகக் கணக்குச் சொல்லும். அதையே ஹாஸ்கெலில் எழுதிப் பார்த்தேன். லிஸ்ட்டை மாற்ற வழியே இல்லாததால் அந்தத் தப்பைச் செய்யவே முடியலை. பதினோரு வரி. எழுத நாலு மணி நேரம் ஆச்சு என்பது வேற விஷயம் :-)

மோனாட் பத்தி யாரும் கேட்காதீங்க மக்களே. எனக்கே இன்னும் பிடிபடலை.