கட்டுமரம் தாண்டிய அலை, கமலி ஏறிய அலை

திருத்தணி மலைமேல 365 படி ஏறி நின்னு பார்த்தாலும் கடல் தெரியாது. வயலும் குன்றும், அந்தப் பக்கம் ஆந்திராவும்தான். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு சர்ஃபிங் பற்றி எழுத என்ன இருக்கு என்று கேட்கலாம். விளையாட்டுச் செய்தியாகப் பார்க்காமல் வரலாறாகப் பார்த்தால் ஒரு நல்ல கேள்வி இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அலையோடு வாழ்ந்த நம்ம கரையில், அலைமேல் நிற்பது விளையாட்டாக மாற ஏன் இவ்வளவு காலம் ஆனது? அதில் ஒரு மீனவக் குடும்பத்துப் பெண் மேலே வருவதற்கு என்னவெல்லாம் மாற வேண்டியிருந்தது?

கொஞ்சம் பின்னால் போவோம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. 1875-ல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். கட்டிக்கொண்டிருந்ததை 1881-ல் புயல் அடித்து உடைத்தது. அதுவரை கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் கரைக்கு வர மசூலாப் படகுதான் வழி. அந்தப் படகில் ஆணி கிடையாது. பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடித்தால் படகு வளைந்து கொடுக்கும், உடையாது. அலை ரொம்ப மோசமான நாட்களில் கட்டுமரக்காரர்கள் கடிதங்களைத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு கப்பலுக்குப் போவார்கள். ஆங்கிலத்தில் இன்றைக்கும் புழங்கும் 'கேட்டமரான்' என்ற சொல் நம்ம கட்டுமரம்தான்.

ஆக, அலை எங்கே முறியும், எந்த அலையை விடணும், எதில் ஏறணும் என்ற அறிவு இந்தக் கரைக்குப் புதுசு இல்லை. மீனோடு திரும்பும் கட்டுமரமும் அலைமேல் ஏறித்தான் கரைக்கு வந்தது. ஆனால் அங்கே அலை ஒரு தடை. அதைத் தாண்டினால்தான் சோறு. அலைக்காகவே அலையில் ஏற, நேரமும் வேண்டும், பலகையும் வேண்டும். ரெண்டுமே மீனவர் வீட்டில் சும்மா கிடைக்காது.

இந்தியாவில் சர்ஃபிங் ஓர் அமைப்பாக வளர ஆரம்பித்தது 2004-ல், கர்நாடகாவின் முல்கியில் அமெரிக்கரான ஜாக் ஹெப்னர் தொடங்கிய மந்த்ரா சர்ஃப் கிளப்போடு. 'சர்ஃபிங் சுவாமி' என்றால் நிறைய பேருக்குத் தெரியும். தமிழ்நாட்டில் அந்த வேலையைச் செய்தவர் கோவளத்து மீனவர் மூர்த்தி மேகவன். 2012-ல் தொழிலதிபர் அருண் வாசுவோடு சேர்ந்து அங்கே சர்ஃப் பள்ளி ஆரம்பித்தார். ஊர்ப் பையன்களுக்கு இலவசம், ஆனால் குடி, சிகரெட் எதுவும் கூடாது. இந்த நிபந்தனையைச் சின்ன விஷயமாக நினைக்காதீங்க. பலகை கிடைப்பதோடு, ஒழுங்காக ஒரு இடத்துக்கு வந்து போகும் பழக்கமும் சேர்ந்து கிடைத்தது.

சரி, கமலிக்கு வருவோம். மாமல்லபுரத்து மீனவக் குடும்பத்துப் பெண் கமலி மூர்த்தி. அம்மா சுகந்தி கடற்கரையில் சின்ன வியாபாரம் செய்து வளர்த்தார். மாமா சந்தோஷ் சர்ஃபர். கமலியை உலகம் முதலில் பார்த்தது கடலில் இல்லை, ஸ்கேட்போர்டில். வெள்ளை கவுன், வெறுங்கால், சரிவில் இறங்கும் சிறுமி. அந்தப் படத்தை 2018-ல் ஸ்கேட்போர்டு உலகின் பெரிய பெயரான டோனி ஹாக் பகிர்ந்தார். பிறகு சாஷா ரெயின்போ இயக்கிய 'கமலி' என்ற குறும்படம் வந்து, 2020-ல் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

இத்தோடு நின்றிருந்தால் 'வைரல் சிறுமி' கதை. பல குழந்தைகளுக்கு அப்படித்தான் முடிகிறது. கமலி கடலுக்குப் போனார். 2023-ல் கோவளம் கிளாசிக் போட்டியில் 16 வயதுக்குட்பட்ட பெண்கள் பிரிவு, பெண்கள் பொதுப் பிரிவு ரெண்டிலும் முதலிடம். 2024-ல் மங்களூரு பக்கம் நடந்த இந்தியன் ஓப்பன் போட்டியிலும் பெண்கள் பட்டம் அவருக்கே.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது கோப்பை இல்லை. நம்ம கரையில் கடலுக்குள் போவது பெரும்பாலும் ஆண் வேலை. பெண்கள் மீனை வாங்குவார்கள், விற்பார்கள், கணக்கு பார்ப்பார்கள், கருவாடு போடுவார்கள். மீன் பொருளாதாரத்தில் பாதி அவர்கள் கையில். ஆனால் அலை முறியும் கோட்டுக்கு அந்தப் பக்கம் அவர்களுக்கு வேலை இல்லை என்பது வழக்கம். அந்தக் கோட்டைப் பலகையோடு தாண்டுவது ஒரு பெண்ணுக்கு வெறும் விளையாட்டு மட்டும் இல்லை.

அதுக்காக மிகைப்படுத்தவும் வேண்டாம். சர்ஃபிங்கில் ஒரு சுற்றில் எத்தனை அலை பிடித்தாலும் சிறந்த இரண்டுதான் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் 10, மொத்தம் 20. எனவே அதிகமாக ஏறுவதைவிட, சரியான அலைக்குக் காத்திருப்பதுதான் வித்தை. 2024-ல் மாலத்தீவில் நடந்த ஆசியப் போட்டியில், மர்ஹபா கோப்பை என்ற குழுப் பிரிவில் இந்தியா வெள்ளி வாங்கியது. குழுவில் கமலியோடு அஜீஷ் அலி, ஸ்ரீகாந்த், சஞ்சய் செல்வமணி. ஜப்பானின் குழுப் புள்ளி 58.40, நம்முடையது 24.13. வெள்ளிதான், ஆனால் தூரம் எவ்வளவு என்று பாருங்க.

2025 ஆகஸ்டில் அதே ஆசியப் போட்டி மாமல்லபுரத்துக்கே வந்தது. ஆண்கள் இறுதியில் 12.60 எடுத்து ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். இந்தப் போட்டியில் இந்தியர் ஒருவரின் முதல் தனிநபர் பதக்கம் அது. அவர் கர்நாடகக் குடும்பத்துப் பையன், வளர்ந்தது கேரளத்துக் கோவளத்தில். நம்ம கோவளம் வேறு. ரெண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். தங்கம் வென்ற கொரிய வீரரின் புள்ளி 15.17. தனிநபர் போட்டியில் இடைவெளி எட்டிப் பிடிக்கிற தூரத்துக்கு வந்திருக்கிறது.

2026-ல் ஜப்பானின் ஐச்சி-நகோயா ஆசிய விளையாட்டில் சர்ஃபிங் முதல்முறையாகச் சேர்கிறது. பதக்கம் வந்தால் நாளிதழில் முதல் பக்கம், வராவிட்டால் ஒரு வரிகூட இருக்காது. அதையெல்லாம் தாண்டிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: மாமல்லபுரத்து வீடுகளில் அடுத்த பெண் குழந்தை பலகை கேட்டால் என்ன பதில் வரும் என்பது. கமலிக்கு முன்னால் அந்தக் கேள்வியைக் கேட்கவே யாருக்கும் தோன்றியிருக்காது.