உரோமர் சுவரும் அரிக்கமேட்டு மணியும்

புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டில் ஒரே கடையில் அருகருகே கிடக்கும் பண்டங்கள் ஓரூரில் விளைந்தன அல்ல. உள்ளூர்ப் பொருளும் கடல்கடந்த பொருளும் அங்குக் கலந்து நிற்கும். இதனை நினைவிற் கொண்டு, அங்கிருந்து தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில் அரியாங்குப்பத்தாற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டின் கண்ணாடியை ஆராய்வோம்.

1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கு நிகழ்த்திய அகழாய்வு, உரோம நாட்டு மட்கலங்களை வெளிக்கொணர்ந்தது. உரோமக் கண்ணாடிக் கிண்ணங்களின் துண்டுகளும் அம்மேட்டிற் கிடைத்தன. எனவே ஆங்குள்ள கண்ணாடி மணிகளையும் யவனர் கொணர்ந்தனவாகக் கொள்ளுதல் எளிது. அது பொருந்துமா என்பதே நம் வினா.

உரோமர் கண்ணாடியைக் கலமாக மட்டும் கொள்ளவில்லை. அதனால் மாளிகைச் சுவரையும் அணிசெய்தனர். கி.மு. 58-இல் ஸ்காரசு எழுப்பிய நாடக அரங்கின் முகப்பு மூன்று நிலைகளை உடையது; அதன் நடுநிலை கண்ணாடியால் அமைந்தது எனப் பிளினி உரைக்கின்றார். பல்வண்ணக் கண்ணாடித் தகடுகளை வெட்டி, உருவம் தோன்றப் பொருத்துவது இக்கலையின் முறை. கிரேக்க நாட்டுக் கெங்கிரேயைத் துறைமுகத்தில் கி.பி. 4-ஆம் நூற்றாண்டைச் சார்ந்த நூற்றுக்கு மேற்பட்ட கண்ணாடிப் பலகைகள், பெட்டிகளில் அடுக்கியவாறே நீரில் மூழ்கிக் கிடந்தன. அவை 1960-களில் கண்டெடுக்கப்பெற்றன. கண்ணாடித் துண்டுகளை ஓட்டுச் சில்லுகளின் மேல் பிசினால் ஒட்டி அவற்றைச் செய்துள்ளனர்.

இப்பலகைகளின் ஒளி ஊடுருவாச் சிவப்பும் அரிக்கமேட்டு மணிகளின் செங்காவி நிறமும் ஒத்துத் தோன்றுதல் உண்மையே. ஆயினும் இரண்டிடத்தும் அந்நிறத்தைத் தருவது செம்பு. குறைந்த காற்றுடைய உலைநெருப்பில் செம்பு செந்நிறம் ஊட்டும் என்பதை இரு நாட்டுக் கம்மியரும் அறிந்திருந்தனர். ஆகவே நிறவொற்றுமை பிறப்பிடத்துக்குச் சான்றாகாது.

கி.பி. முதல் நூற்றாண்டினதான பெரிபுளூசு, வேலைப்பாடு செய்யப்பெறாத கண்ணாடி முசிறிக்கு இறக்குமதியானதைக் கூறுகின்றது. ஆதலின் மூலப்பொருள் மேற்கிலிருந்து வந்திருக்கலாம் எனும் ஐயம் எழுதல் இயல்பே. அதனைத் தீர்ப்பது வேதியியல். உரோமக் கண்ணாடி எகிப்திய நேட்ரான் உப்பால் ஆனது, அலுமினா குறைந்தது. அரிக்கமேட்டு மணிகளிற் பெரும்பாலன அலுமினா மிக்கனவாகவோ பொட்டாசியம் மிக்கனவாகவோ உள்ளன. மேலும், குழாய்த் துண்டுகளும் உற்பத்திக் கழிவுகளும் அம்மேட்டிலேயே கிடைத்துள்ளன. உருகிய கண்ணாடியை நீண்ட குழாயாக இழுத்து, சிறு துண்டுகளாக நறுக்கி, மீண்டும் சூடேற்றி முனை மழுக்கும் இம்முறை, ஆந்திரத்துப் பாப்பநாயுடுபேட்டையில் 20-ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது.

உரோமர் இல்லத்துச் சுவரில் பதிந்த கண்ணாடியைப் போன்ற பதிப்பு வேலை அரிக்கமேட்டில் நமக்குக் கிடைக்கவில்லை. அங்குச் சுவருக்கு அணியான பொருள், இங்கு மாந்தர் கழுத்துக்கு அணியாயிற்று. கிண்ணம் கடல்கடந்து வந்தது. மணியோ இம்மண்ணின் உலையிற் பிறந்தது. சந்தையில் அயல்நாட்டுப் பண்டம் இருத்தலால் உள்ளூர்த் தொழில் இல்லை என்றாகாது. இரண்டையும் வேறுபிரித்துக் காண்பதே ஆராய்ச்சியாளர் கடன்.