பருத்தியின் குடியரசு



நினைவுச் சொற்பொழிவு என்பது மறைந்தவரைப் புகழ்ந்துவிட்டுக் கலையும் சடங்காக முடிந்துவிடக்கூடாது. அவர் விட்டுச்சென்ற கேள்விகளில் ஒன்றையாவது எடுத்து ஓரடி நகர்த்த வேண்டும். நம் கூட்டங்களில் திரும்பத் திரும்ப எழும் ஒரு கேள்வியை இன்று எடுத்துக்கொள்வோம். தொழில் பெருகி, நகரம் விரிந்து, தேர்தலும் தவறாமல் நடந்துகொண்டிருந்தால் சாதி தானாகவே கரைந்துவிடுமா?

கரைந்துவிடும் என்று நம்புகிறவர்கள் அமெரிக்காவை எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். மன்னர் இல்லாத நாடு, பிறப்பை வைத்து மரியாதை தராத நாடு, உழைத்தவன் உயர்ந்த நாடு என்று நம் பாடப்புத்தகங்களும் சொல்கின்றன. ஆகவே அந்த எடுத்துக்காட்டையே அருகில் வைத்துப் பார்ப்போம். 1787இல் அரசியலமைப்பு எழுதப்பட்டதிலிருந்து 1861இல் உள்நாட்டுப் போர் தொடங்கும்வரை அந்த இளம் குடியரசில் நிலம் விரிந்தது, வாக்குரிமை விரிந்தது, ஆலைகள் எழுந்தன. அதே ஆண்டுகளில் அடிமைகளின் எண்ணிக்கை சுமார் 7 லட்சத்திலிருந்து ஏறத்தாழ 40 லட்சமாக உயர்ந்தது. இந்த இரண்டும் எப்படி ஒன்றாக நடந்தன என்பதுதான் இன்றைய பேச்சு.

எண்ணிக்கையில் உண்டு, உரிமையில் இல்லை

எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று 1776இல் அறிவித்தவர்கள், 11 ஆண்டுகள் கழித்து அரசியலமைப்பை எழுத உட்கார்ந்தபோது 'அடிமை' என்ற சொல்லைக் கவனமாகத் தவிர்த்தார்கள். சொல்லைத் தவிர்த்தார்களே தவிர, ஏற்பாட்டைத் தவிர்க்கவில்லை. நாடாளுமன்ற இடங்களைப் பிரிக்கும்போது அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கைக் கணக்கில் சேர்க்கலாம் என்றார்கள். தப்பி ஓடியவரைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். 1808 வரை அடிமை இறக்குமதியைத் தடை செய்யக்கூடாது என்றார்கள்.

இந்த ஐந்தில் மூன்று கணக்கை நம் தோழர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். அடிமைக்கு வாக்கு கிடையாது. ஆனால் அவருடைய தலையை எண்ணிக் கிடைத்த கூடுதல் இடங்களில் உட்கார்ந்தவர் அவருடைய எசமானர். தன்னைக் கட்டிவைக்கும் அதிகாரத்துக்குத் தன் உடலே எண்ணிக்கையாகப் பயன்படும் நிலை அது. முதல் 12 குடியரசுத் தலைவர்களில் வாழ்நாளில் ஒருபோதும் அடிமை வைத்திராதவர்கள் ஆடம்ஸ் குடும்பத்துத் தந்தையும் மகனும் ஆகிய இருவர் மட்டுமே. 1790இல் வந்த குடியுரிமைச் சட்டம், சுதந்திரமான வெள்ளையர் மட்டுமே வெளிநாட்டிலிருந்து வந்து குடியுரிமை பெறலாம் என்றது. குடியரசு தொடங்கும்போதே அதன் வாசலில் நிறம் எழுதப்பட்டுவிட்டது.

1793: இரண்டு இயந்திரங்களும் ஒரு சட்டமும்

இனித் தொழிலுக்கு வருவோம். 1793ஆம் ஆண்டு மூன்று செய்திகளைத் தருகிறது. ரோட் தீவு மாநிலத்தின் பாடக்கெட்டில், இங்கிலாந்து நூற்பாலை நுட்பத்தை மனதில் பதித்துக்கொண்டு கப்பலேறி வந்த சாமுவேல் ஸ்லேட்டரின் ஆலைக் கட்டடம் எழுந்தது. தெற்கே எலி விட்னி, பஞ்சையும் கொட்டையையும் பிரிக்கும் ஜின் இயந்திரத்தை உருவாக்கினார். தப்பி ஓடும் அடிமைகளைப் பிடித்துக் கொடுப்பதற்கான கூட்டாட்சிச் சட்டமும் அதே ஆண்டில் நிறைவேறியது.

உள்நாட்டு நிலங்களில் விளையும் குட்டை இழைப் பருத்தியில் பஞ்சு கொட்டையை விட்டு எளிதில் வராது. ஒருவர் நாள் முழுக்கக் கையால் பிரித்தாலும் ஒரு பவுண்டு தேறுவதே அரிது. விட்னியின் இயந்திரம் நாளொன்றுக்கு சுமார் 50 பவுண்டு பிரித்தது. மனித உழைப்பைக் குறைக்கும் கருவி வந்தால் அடிமைக்குத் தேவை குறையும் என்று நமக்குத் தோன்றும். நடந்தது நேர்மாறு. பிரிக்கும் வேலை எளிதானதும் பருத்தி பயிரிடுவது பெரும் லாபமானது. விதைக்கவும் களையெடுக்கவும் காய் வெடித்த பிறகு எடுக்கவும் இன்னும் லட்சக்கணக்கான கைகள் தேவைப்பட்டன. 1790இல் சில ஆயிரம் பொதிகளாக இருந்த விளைச்சல் 1860இல் ஏறத்தாழ 40 லட்சம் பொதிகளைத் தொட்டது. நாட்டின் ஏற்றுமதி மதிப்பில் பாதிக்கு மேல் பருத்தி ஒன்றே ஈட்டித் தந்தது.

1808இல் வெளியிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவது சட்டப்படி தடுக்கப்பட்டது. ஆனால் உள்நாட்டுச் சந்தை வளர்ந்தது. வர்ஜீனியா, மேரிலாந்து போன்ற பழைய மாநிலங்களிலிருந்து அலபாமா, மிசிசிப்பி, லூசியானாவின் பருத்திக் காடுகளுக்கு உள்நாட்டுப் போருக்கு முன்புவரை ஏறத்தாழ 10 லட்சம் பேர் பெயர்க்கப்பட்டார்கள். சங்கிலியில் பிணைத்து நடத்தியும், ஆற்றிலும் கடலிலும் ஏற்றியும் கொண்டுபோனார்கள். கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம் என்று விற்றார்கள். அடிமைகளை அடமானம் வைத்துக் கடன் வாங்கினார்கள். அந்தக் கடனில் மேலும் நிலமும் மேலும் மனிதர்களையும் வாங்கினார்கள். வங்கி, காப்பீடு, கப்பல் என்று நவீனப் பொருளாதாரத்தின் பெருமைகளாக நாம் படிக்கும் எல்லாமே இந்த வியாபாரத்தில் கை நனைத்தவை.

வடக்கு இதில் சம்பந்தப்படாதது என்றும் சொல்வதற்கில்லை. ஸ்லேட்டருக்கு முதலீடு கொடுத்தவர் மோசஸ் பிரவுன். அவர் தன் அடிமைகளை விடுவித்தவர். அடிமை முறையை எதிர்த்துப் போராடியவர். ஆனால் அவருடைய ஆலைகள் நூற்ற பஞ்சு, ஆண்டுகள் செல்லச் செல்ல, தெற்கின் அடிமைகள் எடுத்த பஞ்சானது. தனிமனிதரின் நல்லெண்ணத்தையும் அவர் நிற்கும் அமைப்பையும் பிரித்துப் பார்க்க இதைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது.

நிலம் வந்த வழி

பருத்திக்கு நிலம் வேண்டும். 1803இல் பிரான்சிடமிருந்து லூசியானா என்ற பெரும்பரப்பை 1.5 கோடி டாலருக்கு அமெரிக்கா வாங்கியது. சுமார் 8,28,000 சதுர மைல். நாட்டின் பரப்பு ஏறத்தாழ இரட்டிப்பானது. ஜெஃபர்சனின் சாதனை என்று இது எழுதப்படுகிறது. நெப்போலியன் ஏன் விற்றார் என்பதில்தான் நமக்கான வரலாறு இருக்கிறது. கரீபியத் தீவான செயின்ட் டொமிங்கில் 1791இல் கிளர்ந்தெழுந்த அடிமைகள், தங்களை மீண்டும் அடிமையாக்க வந்த பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தார்கள். படையும் தீவும் கைநழுவியபின் அமெரிக்கக் கண்டத்தில் பேரரசு அமைக்கும் திட்டம் நெப்போலியனுக்குப் பொருளற்றுப் போனது. 1804இல் ஹெய்ட்டி விடுதலை பெற்றது. கறுப்பின மக்களின் விடுதலைப் போர் அமெரிக்காவுக்கு நிலம் தேடித் தந்தது. அந்த நிலத்தில் அமெரிக்கா அடிமை முறையைப் பரப்பியது. ஹெய்ட்டியை ஒரு நாடாக ஏற்கவோ 1862 வரை மறுத்தது.

தென்கிழக்கில் நிலம் பூர்வகுடிகளிடம் இருந்தது. 1814இல் ஆண்ட்ரூ ஜாக்சன் கிரீக் மக்களைப் போரில் வென்று 2 கோடி ஏக்கருக்கு மேல் எழுதி வாங்கினார். செரோக்கிகளோ வேறு வழியில் முயன்றார்கள். செக்குவோயா என்பவர் அவர்களுடைய மொழிக்கு எழுத்து உருவாக்கினார். 1827இல் அரசியலமைப்பு எழுதினார்கள். 1828இல் செய்தித்தாள் நடத்தினார்கள். உங்களைப் போலவே நாகரிகமானால் எங்களை விட்டுவிடுவீர்கள் அல்லவா என்பது அவர்கள் கணக்கு. 1830இல் பூர்வகுடிகளை வெளியேற்றும் சட்டம் மக்களவையில் 102க்கு 97 என்ற வாக்கில் நிறைவேறியது. 1832இல் உச்ச நீதிமன்றம் செரோக்கிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு ஏட்டில் இருந்தது. 1838-39இல் படை வைத்து அவர்களை மேற்கே துரத்தினார்கள். சுமார் 16,000 பேரில் ஏறத்தாழ 4,000 பேர் மாண்டார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

இதில் ஒளிக்கக்கூடாத ஒரு பகுதியும் உண்டு. செரோக்கிகளில் வசதி படைத்தவர்கள் கறுப்பர்களை அடிமைகளாக வைத்திருந்தார்கள். 1835 கணக்கெடுப்பில் அப்படிச் சுமார் 1,600 பேர் இருந்தார்கள். துரத்தப்பட்டவர்களின் கண்ணீர்ப் பாதையில் அவர்களுடைய அடிமைகளும் நடந்தார்கள். மிதிபடுகிறவர் இன்னொருவரை மிதிக்கும் ஏற்பாட்டை அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று விளக்கினார். அதைப் படித்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது.

வாக்கு விரிந்த விதம்

ஜாக்சன் காலத்தைச் சாமானியர்களின் காலம் என்பார்கள். சொத்து இருந்தால்தான் வாக்கு என்ற விதி மாநிலம் மாநிலமாக உதிர்ந்தது உண்மை. நியூயார்க் 1821இல் என்ன செய்தது என்று பாருங்கள். வெள்ளை ஆண்களுக்குச் சொத்துத் தகுதியை ஏறக்குறைய முழுவதுமாக நீக்கிய அதே மாநாடு, கறுப்பின ஆண்களுக்கு 250 டாலர் சொத்து வேண்டும் என்று விதித்தது. பென்சில்வேனியா 1838இல் வாக்காளர் என்ற சொல்லுக்கு முன்னால் 'வெள்ளை' என்பதைச் சேர்த்தது. அதுவரை அங்கே வாக்களித்துவந்த கறுப்பர்கள் உரிமையை இழந்தார்கள். அதே ஆண்டு, அதே மாநிலத்தின் ஃபிலடெல்ஃபியாவில் அடிமை எதிர்ப்பாளர்கள் கூட்டம் நடத்தக் கட்டிய மண்டபத்தை, திறந்த சில நாட்களிலேயே ஒரு கும்பல் கொளுத்தியது.

ஏழை வெள்ளையருக்கு நிலப்பிரபுவோடு சமமாக நிற்கும் பெருமை கிடைத்தது. அந்தப் பெருமைக்கு விலையாகக் கறுப்பர் கீழே நிறுத்தப்பட்டார். பிறப்பே தகுதி என்ற பழைய விதியைக் குடியரசு கைவிடவில்லை; பயனாளிகளின் எண்ணிக்கையைத்தான் கூட்டியது.

லோவெல் பெண்களும் முரட்டுத் துணியும்

மசாசூசெட்சின் மெரிமாக் ஆற்றங்கரையில் 1820களில் எழுந்த லோவெல் ஆலை நகரத்தைப் பற்றி மாணவர்கள் படித்திருப்பீர்கள். கிராமத்துப் பண்ணைகளிலிருந்து வந்த இளம்பெண்கள் நாளுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று மணிநேரம் உழைத்தார்கள். கூலிக் குறைப்பை எதிர்த்து 1834இலும், விடுதிக் கட்டண உயர்வை எதிர்த்து 1836இலும் வேலைநிறுத்தம் செய்தார்கள். பத்து மணிநேர வேலைநாள் கேட்டு 1845இல் சாரா பேக்லி சட்டமன்றக் குழு முன் சாட்சி சொன்னார். தொழிலாளர் வரலாற்றில் மதிப்போடு சொல்ல வேண்டிய பெயர் அது.

அந்த ஆலைகளுக்கு வந்த பஞ்சு அடிமைகள் எடுத்தது. அங்கே நெய்த துணியில் ஒரு வகை, அடிமைகளுக்கென்றே செய்த மலிவான முரட்டுத் துணி. தெற்கில் அதற்கு 'லோவெல்' என்றே பெயர். செடியிலிருந்து பஞ்சை எடுத்த பெண்ணின் முதுகுக்கே அது தறியில் ஏறி இறங்கித் திரும்பிப் போனது. நடுவில் நின்ற ஆலைப்பெண்களில் பலர் இந்தத் தொடர்பை உணர்ந்தார்கள். அடிமை முறைக்கு எதிரான மனுக்களில் கையெழுத்திட்டார்கள். அப்படி நாடெங்கிலுமிருந்து குவிந்த மனுக்களை விவாதிக்காமலே ஒதுக்கிவைக்க 1836இல் மக்களவை விதி செய்தது. அந்த வாய்ப்பூட்டு 1844 வரை நீடித்தது.

எல்லாத் தொழிலாளரும் லோவெல் பெண்களைப் போல் இருக்கவில்லை. ஃபிரெடெரிக் டக்ளஸ் அடிமையாக இருந்தபோது பால்டிமோர் கப்பல் பட்டறையில் வெள்ளைத் தொழிலாளிகளால் கண் போகும் அளவுக்கு அடிக்கப்பட்டார். 1838இல் தப்பி வடக்கே நியூ பெட்ஃபோர்டுக்குப் போனார். கப்பல் பலகைகளின் இடுக்கை அடைக்கும் வேலை அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவரோடு சேர்ந்து வேலை செய்ய வெள்ளைத் தொழிலாளிகள் மறுத்தார்கள். விறகு அறுத்தும் மூட்டை சுமந்தும் பிழைத்தார். சாதி வேலைகளை மட்டுமல்ல, வேலையாட்களையும் பிரிக்கிறது என்று அம்பேத்கர் 1936இல் எழுதியதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்வோம். 'சுதந்திர' மாநிலத்தின் துறைமுகத்திலும் அதுவே நடந்தது.

அடித்தட்டின் எழுத்து

எனவே விடுதலை எங்கிருந்து வந்தது? 1827இல் நியூயார்க்கில் சாமுவேல் கார்னிஷும் ஜான் ரஸ்வர்மும் கறுப்பர்களுக்குச் சொந்தமான முதல் செய்தித்தாளைத் தொடங்கினார்கள். 1829இல் பாஸ்டனில் பழைய துணிக்கடை நடத்திய டேவிட் வாக்கர், அடிமைகளை நோக்கி ஓர் அறைகூவலை அச்சிட்டார். மாலுமிகளின் உடைகளுக்குள் வைத்துத் தைத்து அது தெற்குக்குக் கடத்தப்பட்டது. 1831இல் வர்ஜீனியாவில் நாட் டர்னர் கிளர்ச்சி செய்தார். அதன் பிறகு அடிமைகளுக்கு எழுத்துக் கற்றுத் தருவதைத் தடுக்கும் சட்டங்கள் மேலும் இறுகின. எழுத்தைக் கண்டு அதிகாரம் ஏன் அஞ்சுகிறது என்பதை நம் சமூகத்துக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. கடைசியில் அடிமை முறையை முடித்தது போர். அதில் வடக்குப் படையில் சுமார் 1,80,000 கறுப்பின வீரர்கள் போராடினார்கள்.

இந்த வரலாறு நம் மண்ணையும் தொட்டது. அமெரிக்கப் பஞ்சையே நம்பியிருந்த பிரிட்டிஷ் ஆலைகளுக்காக, கிழக்கிந்திய கம்பெனி 1840இல் அமெரிக்கத் தெற்கின் தோட்டக்காரர்களை இந்தியாவுக்கு அழைத்துவந்தது. கோயம்புத்தூரில் ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளரின் மேற்பார்வையில் அமெரிக்கப் பருத்தி பயிரிட்டுப் பார்க்கப்பட்டது. அப்போது சென்னை மாகாணத்தின் வயல்களில் நம் முன்னோர் பண்ணை அடிமைகளாக இருந்தார்கள். அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக்கூடாது என்ற சட்டம் 1843இல்தான் வந்தது. அதன் பின்னும் பண்ணையாள் முறை நெடுங்காலம் நீடித்தது.

1873இல் மகாத்மா ஜோதிராவ் புலே தன் 'குலாம்கிரி' நூலை, நீக்ரோ அடிமை முறையை ஒழித்ததற்காக அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அமெரிக்காவின் ஆலைகளையோ செல்வத்தையோ அவர் போற்றவில்லை. அடிமைத்தளையை அறுத்த செயலைப் போற்றினார். அதைத் தன் நாட்டவர் முன்மாதிரியாகக் கொள்ள வேண்டும் என்று விரும்பினார். 1946இல் அம்பேத்கர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த மனுவைக் கேட்டதும் அதே பார்வையில்தான்.

தொழில் வரட்டும், ஆலை வரட்டும். நம் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். ஆனால் ஆலை வரும்போது நிலம் யாருடையது, உள்ளே எந்த வேலை யாருக்கு, பக்கத்தில் நின்று வேலை செய்ய மறுக்கிறவர் யார், சங்கத்தில் நம் குரல் எங்கே என்ற கேள்விகளை முதல் நாளே கேட்கத் தவறக்கூடாது. அமெரிக்கா 70 ஆண்டுகள் வளர்ந்துகொண்டே இருந்தது. வளர்ச்சி ஒரு சங்கிலியையும் தானாகக் கழற்றவில்லை. கற்பதும் ஒன்றுசேர்வதும் போராடுவதும் நம் வேலையாகவே இருக்கின்றன.

ஜெய்பீம்.