சிறைக்கல்வி (திருத்தங்கல் – விருதுநகர் வட்டாரம்)

சிறைக்கல்வி என்பது சிறைவாசிகள் தண்டனைக் காலத்தில் பெறும் படிப்பையும் தொழிற்பயிற்சியையும் குறிக்கும். விருதுநகர் மாவட்டத்தில் இதற்குத் தலைசிறந்த சான்று கு. காமராஜர் (1903–1975).

சிவகாசியை அடுத்த திருத்தங்கலுக்குச் சிறையோடு உள்ள தொடர்பு மிகப் பழையது. சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில் வரும் வார்த்திகன் இவ்வூரினன் எனக் கருதப்படுகிறான். இவன் மகனுக்குப் பராசரன் என்பவன் பொன்னணிகள் பரிசளித்தான். அதைக் கண்டு பொறாதவர்கள் புதையல் கவர்ந்ததாகப் பழி சுமத்த, வார்த்திகன் சிறைப்பட்டான். மனைவி கார்த்திகையின் அழுகையால் கொற்றவை கோயில் கதவு திறக்கவில்லை. உண்மையறிந்த பாண்டியன் அவனை விடுவித்து, திருத்தங்கலையும் வயலூரையும் வழங்கியதோடு நாட்டின் சிறைகளையெல்லாம் திறந்துவிட ஆணையிட்டான். உள்ளே அவன் பொழுது எப்படிக் கழிந்தது என்பதைக் காப்பியம் சொல்லவில்லை.

காமராஜரின் சிறைப்பொழுது நமக்குத் தெரியும். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டு, மாமன் துணிக்கடையில் வேலை செய்தவர் அவர். 1930இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தில் கைதாகி அலிப்பூர் சிறைக்குச் சென்றார். அதன்பின் வேலூர், அமராவதி எனச் சிறைவாசம் தொடர்ந்தது. மொத்தம் ஏறத்தாழ 3,000 நாட்கள். நூல்களும் நாளிதழ்களும் படித்த தோழர்களும் உடனிருக்க, ஆங்கிலத்தை அங்கேதான் சொந்த முயற்சியால் கற்றார். 1941இல் வேலூர்ச் சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையானதும் பொறுப்பேற்று, முழுமையாகச் செய்ய இயலாத பதவி வேண்டாமென உடனே விலகினார். பள்ளிப் படிப்பு முழுமையாக வாய்க்காத அந்த மனிதர்தான் பின்னாளில் முதல்வராகி (1954–1963) ஊர்தோறும் பள்ளிகளையும் மதிய உணவையும் கொண்டுசேர்த்தார்.

அரசியல் கைதிக்கு வாய்த்த புத்தகமும் துணையும் சாதாரணக் கைதிக்கும் வாய்க்க வேண்டும். மதுரை உள்ளிட்ட தமிழகத்தின் ஒன்பது மத்திய சிறைகளிலிருந்தும் இன்று கைதிகள் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வுகளை எழுதுகிறார்கள். அஞ்சல்வழியில் பட்டமும் பெறுகிறார்கள். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 19 வயதில் கைதான பேரறிவாளன், வேலூர்ச் சிறையிலிருந்து 2012இல் பிளஸ் டூ எழுதி 1,200க்கு 1,096 மதிப்பெண் பெற்றார். கணினிப் பயன்பாட்டில் முதுகலையும் முடித்தார். 2022 மே 18 அன்று அரசியலமைப்பின் 142ஆம் பிரிவின்கீழ் அவரை விடுவித்த உச்ச நீதிமன்றம், நன்னடத்தை, உடல்நிலை ஆகியவற்றோடு சிறையில் பெற்ற கல்வித் தகுதிகளையும் கணக்கில் கொண்டது. சிறைப் படிப்பைக் காலம் கழிக்கும் வழியாக மட்டும் பார்ப்பது தவறு என்பதற்கு அந்தத் தீர்ப்பே ஆவணம்.